ஒரு தெருவுக்கு ஒன்பது பைக்: ஏஜென்ட் வாங்கும் முன் எதை முடிவு செய்வது?

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. தென் மாவட்டங்களில் ஃபைபர் இணையம் கொடுக்கும் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி ஒரு கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. அந்தக் கேபிள் போய்ச் சேரும் ஸ்ப்ளிட்டரில் (ஒரு ஃபைபரில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) 32 வீடு. பத்து நிமிடத்தில் 27 புகார். புகார் மென்பொருள் 27 டிக்கெட் போட்டது. வேலை பங்கிடும் மென்பொருள் அந்த 27 டிக்கெட்டையும் 27 வேலை என்று எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் இருந்த டெக்னீஷியன்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அரை மணி நேரத்தில் அந்தத் தெருவில் ஒன்பது பைக்.

"அண்ணே, இங்க ஏற்கெனவே நாலு பேர் நிக்கிறாங்கண்ணே, நானும் வரணுமா?" என்று ஐந்தாவதாகப் போனவர் போன் போட்ட பிறகுதான் ஆபீஸில் வேலை ஒதுக்கும் அண்ணனுக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் மீதி நால்வரும் அந்தத் தெருவை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். வந்த ஒன்பது பேரில் ஒருவரிடம்கூட அறுந்த ஃபைபரை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் இல்லை.

அந்த நிறுவனம் இப்போது வேலைப் பங்கீட்டை மென்பொருள் ஏஜென்ட்டுகளிடம், அதாவது ஒருவர் சார்பில் தானே முடிவெடுத்துச் செயல்படும் மென்பொருள்களிடம், விடலாமா என்று யோசிக்கிறது. (முகவர் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதும் பாலிசி பிடிக்க வரும் ஒன்றுவிட்ட சித்தப்பாதான் நினைவுக்கு வருகிறார். ஏஜென்ட் என்றே எழுதுகிறேன்.) 70 டெக்னீஷியன், மூன்று மாவட்டம், எட்டு ஸ்ப்ளைசிங் மெஷின். புகார், நெட்வொர்க் கண்காணிப்பு, ஸ்டோர், பில்லிங் என்று நான்கு மென்பொருள், நான்கும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆளிடம் வாங்கியவை. அவர்களுக்கு மூன்று பேர் மூன்று விதமாக விலைப்புள்ளி கொடுத்திருந்தார்கள். எதை எடுப்பது என்று என்னைக் கேட்டார்கள்.

முதல் வழி, எல்லாரையும் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் வைத்துக் கணக்குப் போடும் திட்டமிடும் மென்பொருள். இரண்டாவது, ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஏஜென்ட். வேலை வந்தால் அவை ஏலம் கேட்டு எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, இன்றைய பாணி: சாட்ஜிபிடி போன்றவற்றின் அடியில் இருக்கும் பெரிய மொழி மாதிரிகளை வைத்துக் கட்டிய ஏஜென்ட்டுகள், மனிதர்களைப்போல் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும்.

முதல் வழியை இன்று சொன்னால் பழைய காலத்து ஆள் என்று பார்க்கிறார்கள். ஆனால் களப்பணியாளர் நிர்வாகத்தில் சாதித்துக் காட்டிய பெரிய உதாரணம் அந்த வழியில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் டெலிகாமில் அப்போது 50,000க்கும் மேற்பட்ட களப்பொறியாளர்கள். யாரை, எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, என்ன கருவியோடு அனுப்புவது என்று கணிக்க 'வொர்க் மேனேஜர்' என்ற அமைப்பை 1989 முதல் 1997 வரை படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். மிகச் சரியான விடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், விதிகளுக்கு உட்பட்ட நல்ல விடையைச் சீக்கிரம் தேடிப் பிடிக்கும் முறை. 1997 வாக்கில் ஆண்டுக்கு 15 கோடி டாலர் மிச்சமானது என்று அவர்களே பின்னர் கணக்கு வெளியிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே பிரிட்டிஷ் டெலிகாம் தொண்ணூறுகளில் ஏஜென்ட் ஆராய்ச்சியிலும் முன்னணியில் இருந்தது. 'அடெப்ட்' என்ற திட்டத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை வேறு. ஒரு வாடிக்கையாளர் தனக்கு நெட்வொர்க் அமைத்துத் தர விலை கேட்கிறார். அதற்கு வாடிக்கையாளர் சேவை, வடிவமைப்பு, நேரில் போய் அளந்து பார்க்கும் சர்வே பிரிவு, சட்டப் பிரிவு எல்லாம் சேர வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஏஜென்ட் வைத்து, "இதை இத்தனை நாளில் முடித்துத் தருவாயா?" என்று அவை பேரம் பேசும்படி கட்டினார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. பொறியாளர்கள் எல்லாரும் ஒரே முதலாளிக்குக் கீழே இருக்கும்போது அவர்களை ஏலம் கேட்க விடுவதில் பெரிய லாபம் இல்லை. ஒரே இடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். ஆளுக்கொரு அதிகாரம், ஆளுக்கொரு வேலைப்பளு, "என்னால் முடியாது" என்று சொல்லும் உரிமை இருக்கும் இடத்தில்தான் பேரத்துக்கு அர்த்தம் உண்டு. ஆக, முதல் வழியா இரண்டாவது வழியா என்ற கேள்விக்குத் தொழில்நுட்பத்தில் விடை தேட வேண்டியதில்லை. எத்தனை முதலாளி என்று எண்ணினால் போதும்.

ஏல முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலைப்புள்ளி கொடுத்தவர் இதைப் போன வருடம் கண்டுபிடித்ததுபோலப் பேசினார். ரீட் ஸ்மித் என்பவர் 1980இல் எழுதிய 'கான்ட்ராக்ட் நெட்' நெறிமுறைதான் இதன் மூலம். வேலை இருக்கிறது என்று ஒருவர் அறிவிப்பார். செய்யக்கூடியவர்கள் தங்கள் நிபந்தனையோடு கேட்பார்கள். அறிவித்தவர் ஒருவருக்கு ஒப்படைப்பார். அவ்வளவுதான். கேபிள் அறுந்த அன்று இது ஒழுங்காக இருந்திருந்தால், "ஸ்ப்ளைசிங் மெஷின் என்னிடம் இருக்கிறது, 40 நிமிடத்தில் வருவேன்" என்று ஒரே ஓர் ஏஜென்ட் கேட்டு எடுத்திருக்கும். மற்றவை பேசாமல் இருந்திருக்கும். கேட்க அழகாக இருக்கிறது.

போகிற போக்கில் ஒரு குறை. டெக்னீஷியனின் ஏஜென்ட் என்கிறார்களே, அது யாருடைய ஏஜென்ட்? நிறுவனம் எழுதி, நிறுவனத்தின் சர்வரில் ஓடும் ஒன்று அவருக்காக "இன்று மதியம் மகளுக்குப் பள்ளியில் கூட்டம், வர முடியாது" என்று ஒருநாளும் சொல்லாது. மறுக்கத் தெரியாத ஏஜென்ட் ஏலம் கேட்கிறது என்பது வெறும் பேச்சு. அது முதல் வழியேதான், வேறு உடுப்பில்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கேபிள் அறுந்த அன்று முதல் வழி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 27 வேலையையும் மிகத் திறமையாக, குறைந்த பெட்ரோல் செலவில் பங்கிட்டிருக்கும். இரண்டாவது வழி? 27 ஏலம் நடந்திருக்கும். மூன்றாவது? 27 தடவை மிகப் பணிவாகப் பேசி முடிவெடுத்திருக்கும். மூன்றுமே தோற்றிருக்கும். காரணம், அந்த நிறுவனத்தில் 'டிக்கெட்' என்ற ஒரே சொல் நான்கு வேறு பொருள்களைச் சுமந்துகொண்டிருந்தது.

புகார் என்பது ஒரு வாடிக்கையாளர் சொன்னது. பழுது என்பது நெட்வொர்க்கின் நிலை. வேலை என்பது நாம் செய்யலாம் என்று முடிவெடுத்தது. வருகை என்பது ஓர் ஆள் ஓர் இடத்துக்கு ஒருமுறை போவது. ஒரு பழுதுக்கு 27 புகார் வரலாம். ஒரு பழுதுக்கு இரண்டு வேலை இருக்கலாம்: இன்றைக்குத் தற்காலிகமாக இழுத்துக் கட்டுவது, நாளைக்கு ஒழுங்காகப் புதைப்பது. வீடு பூட்டியிருந்தால் ஒரு வேலைக்கு மூன்று வருகை. வைஃபை கடவுச்சொல் மறந்துபோனவரின் புகாருக்குப் பழுதே கிடையாது. இரவு இரண்டு மணிக்குக் கேபிள் அறுந்தால் காலை வரை பழுது இருக்கும், புகார் இருக்காது. இந்த நான்கையும், அவற்றுக்குள் எதற்கு எது என்ன உறவு என்பதையும் எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். ஆன்டாலஜி என்று பயமுறுத்தும் பெயரில் சொல்வது இதைத்தான். நான் பொதுச் சொல்தொகுதி என்று சொல்லிக்கொள்கிறேன்.

சொற்கள் எப்படிக் காலை வாரும் என்பதற்கு அந்த நிறுவனத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து நான் குறித்துக்கொண்டதில் சில.

'லாஸ்'. வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டியில் ஒளி அறவே வராதபோது சிவப்பாக எரியும் விளக்குக்கு எல்-ஓ-எஸ் என்று பெயர். பசங்க 'லாஸ்' என்பார்கள். ஒளி வருகிறது, ஆனால் வலு குறைந்து வருகிறது என்றாலும் "லாஸ் அதிகமா இருக்கு" என்பார்கள். முதலாவதற்குப் பெரும்பாலும் கேபிளை ஒட்ட மெஷின் வேண்டும். இரண்டாவதற்குக் கனெக்டரைத் துடைத்தாலே, அல்லது கதவிடுக்கில் மடங்கிக் கிடக்கும் வயரை நிமிர்த்தினாலே சரியாகிவிடலாம். 70 பேருக்கு எட்டு மெஷின் இருக்கும் இடத்தில் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் எழுதி வைத்தால் என்ன ஆகும்?

'ஜாயின்ட்'. டெக்னீஷியனுக்கு அது ஃபைபரை உருக்கி ஒட்டும் செயல். ஸ்டோரில் அது ஒட்டிய இடத்தை மூடி வைக்கும் பெட்டி. "ஜாயின்ட் வேணும்" என்று ஒருவர் எழுதினார். ஸ்டோர் அண்ணன் பெட்டியை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். எழுதியவருக்குத் தேவைப்பட்டது மெஷினும் மெஷின்காரரும்.

'ஆஃப்லைன்'. மின்சாரம் போனால் வீட்டுப் பெட்டி அணைவதற்குச் சற்றுமுன் தன் மிச்சச் சக்தியில் "எனக்குக் கரண்ட் போகிறது" என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். 'டையிங் கேஸ்ப்' என்று அதற்குப் பெயர். கொஞ்சம் கொடூரமான பெயர்தான். கேபிள் அறுந்தால் அந்தச் செய்தி வராது. ஆகக் கண்காணிப்பு மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் அது புகார் மென்பொருளுக்கு அனுப்பும்போது இரண்டுமே 'ஆஃப்லைன்' என்றுதான் போகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்தடை என்று செய்தித்தாளில் போட்டிருக்கும் நாளில்கூட இவர்கள் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்த ஒரு விஷயம், சொல் இல்லாததால் வழியில் செத்துப்போகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே 'முடிஞ்சது'. டெக்னீஷியனுக்கு: ஒட்டிவிட்டேன், பச்சை விளக்கு வந்துவிட்டது, கிளம்பிவிட்டேன். புகார் பிரிவுக்கு: வாடிக்கையாளர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். பில்லிங்குக்கு: பணம் போடலாம். ஸ்டோருக்கு: பழைய பெட்டி திரும்பி வந்துவிட்டது. நான்கு ஏஜென்ட் வைத்தால் நான்கும் 'முடிஞ்சது' என்ற செய்தியைப் பெற்றுக்கொண்டு நான்கு வெவ்வேறு முடிவுகளை நம்பிக்கையோடு எடுக்கும்.

ஏஜென்ட் உலகம் இந்தக் குழியை அறியாததல்ல. ஏஜென்ட்டுகள் பேசிக்கொள்வதற்கான தரங்களை வகுக்க 1996இல் ஃபிபா என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அவர்கள் வகுத்த செய்தி வடிவத்தில் அனுப்புநர், பெறுநர், உள்ளடக்கம் ஆகியவற்றோடு 'ஆன்டாலஜி' என்றே ஒரு கட்டம் உண்டு: இந்தச் செய்தியில் உள்ள சொற்களை எந்தச் சொல்தொகுதியின்படி படிக்க வேண்டும் என்று குறிக்கும் இடம். கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். லாஸ் என்றால் என்ன, ஜாயின்ட் என்றால் என்ன என்று அதில் நிரப்ப வேண்டியவர்கள் நாம். 2024 நவம்பரில் வந்த எம்சிபியும், 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்த ஏ2ஏவும் இன்றைய ஏஜென்ட்டுகளை இணைக்கும் புதிய குழாய்கள். நல்ல குழாய்கள். ஆனால் 'முடிஞ்சது' என்றால் என்ன என்று அவையும் சொல்லாது.

"மொழி மாதிரிக்குத்தான் எல்லாம் புரியுமே, தனியாகச் சொல்தொகுதி எதற்கு?" என்று மூன்றாவது விலைப்புள்ளிக்காரர் கேட்டார். புரியும்தான். "லாஸ் வருதுண்ணே" என்பதை அது நன்றாகவே படிக்கும். படித்து, இரண்டில் ஒன்றாக இருக்கும் என்று ஊகித்து, சந்தேகத்தை வெளிக்காட்டாமல் மெஷினை 30 கிலோமீட்டர் அனுப்பிவிடும். மனிதர் என்றால் திருப்பிக் கேட்டிருப்பார்.

சரி, சொல்தொகுதியை எப்படி உண்டாக்குவது? இங்கேயும் வழிகள் உண்டு. விலைப்புள்ளிகள் மூன்றிலும் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதைக் குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

பொதுவாக எதுவும் வேண்டாம், இரண்டிரண்டு மென்பொருளுக்கு நடுவில் மொழிபெயர்ப்பு எழுதிவிடலாம் என்பது பலரும் செய்வது. மூன்று மென்பொருள் என்றால் போக வர ஆறு மொழிபெயர்ப்பு. பொதுச் சொல்தொகுதி வைத்தாலும் ஆளுக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று ஆறுதான். சமம். நான்கு என்றால் 12க்கு எதிராக எட்டு. ஆறு என்றால் 30க்கு எதிராக 12. இவர்களிடம் இப்போது நான்கு. வேலை பங்கிடும் மென்பொருள் புதிதாக வந்தால் ஐந்து. கணக்குப்படியே பொதுத் தொகுதி பக்கம் தராசு சாய்ந்தாயிற்று.

அடுத்தது, ஏற்கெனவே இருக்கும் தரத்தைக் கடன் வாங்குவது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கூட்டமைப்பான டிஎம் ஃபோரம் வெளியிட்டிருக்கும், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான இடைமுகங்களில் பழுது டிக்கெட்டுக்கு 621, பணி ஆணைக்கு 697, நேரம் குறிப்பதற்கு 646 என்று தனித்தனி எண்ணே உண்டு. நான் மேலே பிரித்துப் பிரித்துச் சொன்னதில் பெரும்பகுதியை அவர்கள் எப்போதோ பிரித்துவிட்டார்கள். டிக்கெட் நிலைகளில்கூடத் 'தீர்க்கப்பட்டது' வேறு, 'மூடப்பட்டது' வேறு. இதைப் பார்க்காமல் நாமே புதிதாக எழுத உட்காருவது வீண். ஆனால் முழுவதையும் அப்படியே எடுத்தால் 70 பேர் நிறுவனத்துக்கு அண்டா நிறையச் சமைத்த மாதிரி. எலும்புக்கூட்டை மட்டும் எடுக்கச் சொன்னேன்.

மூன்றாவது, ஓடபிள்யூஎல் போன்ற தர்க்க மொழியில் முழு ஆன்டாலஜி எழுதுவது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2004இல் தரமாக அறிவித்த மொழி. எனக்குப் பிடித்த மொழியும்கூட; ஆனாலும் இங்கே வேண்டாம் என்றேன். அதன் இயல்பு, சொல்லப்படாததைப் பொய் என்று கொள்ளாமல் 'தெரியாது' என்று கொள்வது. ஒரு டெக்னீஷியன் கம்பம் ஏறப் பயிற்சி பெற்றவர் என்று பதிவு இல்லையென்றால், அவர் பெறாதவர் என்று அது முடிவு கட்டாது. அறிவுத் தேடலுக்கு அது நியாயமான நிலைப்பாடு. மழையில் ஓர் ஆளைக் கம்பத்தில் ஏற்றுவதற்கு நியாயமில்லை. அங்கே பதிவு இல்லை என்றால் 'இல்லை'தான். இந்த மாதிரிக் கறாரான சரிபார்ப்புக்கு 2017இல் வந்த ஷேக்கில் என்ற தரம் போதும். ஒரு சாதாரண டேட்டாபேஸ் விதிகூடப் போதும்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான். டிஎம் ஃபோரத்திலிருந்து கடன் வாங்கிய எலும்புக்கூட்டில் புகார், பழுது, வேலை, வருகை, ஆள், திறமை, கருவி, இடம் என்று எட்டுப் பெரிய கருத்துகள். அவற்றுக்குக் கீழே இரண்டு அடுக்கு, அதற்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு கருத்துக்கும் ஸ்காஸ் முறையில் (சொல்தொகுதி எழுதுவதற்கென்றே உள்ள ஒரு தரம்) ஒரு முதன்மைப் பெயரும், களத்தில் பேசும் எத்தனை மாற்றுப் பெயர் இருந்தாலும் அத்தனையும். ஸ்காஸில் எனக்குப் பிடித்ததே இதுதான்: ஒரு மொழிக்கு ஒரு முதன்மைப் பெயர்தான் என்று கண்டிப்பு காட்டும், மாற்றுப் பெயருக்குக் கணக்கே வைக்காது. 'சிவப்பு எரியுது', 'ரெட் லைட்' எல்லாம் 'ஒளி அறவே இல்லை' என்பதற்குக் கீழே போகும். 'லாஸ்' மட்டும் இரண்டு கருத்துக்குக் கீழும் நிற்கும், அப்படி நிற்பதால், கேட்ட ஏஜென்ட் "எந்த லாஸ்? ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுது?" என்று திருப்பிக் கேட்டே ஆக வேண்டும்.

மொழி மாதிரிக்கு இங்கே ஒரே ஒரு வேலை. டெக்னீஷியன் பைக்கை நிறுத்திவிட்டு அனுப்பும் வாய்ஸ் மெசேஜைக் கேட்டு, சொல்தொகுதியில் உள்ள ஒரு கருத்தாக மாற்றித் தர வேண்டும். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். ஆளை அனுப்பும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அந்த அதிகாரம் முதல் வழியில் சொன்ன திட்டமிடும் மென்பொருளுக்கு. ஒரே முதலாளி, 70 பேர், ஏலம் தேவையில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஏலம் வைத்தேன். அடைமழைக் காலத்தில் இவர்கள் ஆள் போதாமல் உள்ளூர் கேபிள் டிவி ஆபரேட்டர்களிடம் ஆள் கேட்பார்கள். அந்த ஆட்கள் வேறு முதலாளியுடையவர்கள். கட்டளையிட முடியாது, கேட்கத்தான் முடியும். அங்கே ஸ்மித்தின் 1980 முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆபரேட்டர் பக்கத்து ஏஜென்ட் பெரிய மென்பொருளாகக்கூட இருக்க வேண்டியதில்லை. "ஒளி அறவே இல்லை, மெஷின் தேவை, இன்ன தெரு" என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போகும். "2 மணிக்கு ஆள் வருவான், மெஷின் உண்டு" என்று அவர் பதில் போட்டால் அதுவே ஏலம். நாளைக்கு இந்த மாதிரி வெளியாட்கள் சொந்த ஆட்களைவிட அதிகமாகிவிட்டால், என் சிபாரிசை மாற்றி ஏல முறையை நடுவில் கொண்டுவரச் சொல்வேன். சொல்தொகுதி அப்போதும் இதேதான்.

மென்பொருள் வாங்குவதற்கு முன்னால், கடந்த இரண்டு மாத டிக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு வேலை ஒதுக்கும் அண்ணனும் மூன்று டெக்னீஷியன்களும் ஸ்டோர்காரரும் பில்லிங் அக்காவும் சேர்ந்து உட்கார்ந்து புதிய சொற்களில் மாற்றி எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. ஐடி ஆட்கள் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. முதல் கூட்டம் போன செவ்வாய் நடந்தது. எட்டுக் கருத்துகளையும் ஒப்பேற்றிவிட்டார்கள். 'முடிஞ்சது' என்ற சொல் மட்டும் முடியவில்லை. பழைய பெட்டி கைக்கு வராமல் எந்த வேலையும் முடிந்ததாக எழுத விடமாட்டேன் என்கிறார் ஸ்டோர் அண்ணன். "பெட்டியை வாடிக்கையாளர் தரலன்னா நான் என்ன பண்ணுவேன்ணே, சாயங்காலம் வரைக்கும் அவங்க வாசல்லயே உக்காரவா?" என்கிறார் டெக்னீஷியன். வரும் செவ்வாய் மறுபடியும் உட்காருகிறார்கள்.